போன் பில்லுக்காக எழுதிய விதிகள்

நீங்கள் கேட்டது இது: "ஃபிடோநெட்டில் ஒரு நோட் நடத்துகிறேன். விதிகள் என்று 1989-ல் எழுதிய ஒன்றைக் கொடுத்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் மோடத்தை மற்ற நோட்களுக்காகக் காலியாக வைக்க வேண்டும், என் ஊர் எந்த நெட்டின் எல்லைக்குள் வருகிறதோ அதில்தான் சேர வேண்டும், மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த மடலை அடுத்தவர் வழியாக அனுப்பக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. என்னிடம் மோடமே கிடையாது. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினால் என்ன?"

தெரியாதவர்களுக்கு: ஃபிடோநெட் என்பது கணினிகள் ஒன்றுக்கொன்று போன் போட்டு மடல் மாற்றிக்கொள்ள ஆரம்பித்த நெட்வொர்க்; அதில் ஒருவருடைய கணினி ஒரு நோட், ஒரு ஊர் நோட்களின் குழு ஒரு நெட். இனி உங்கள் கேள்வி. எழுதலாம். ஆனால் எழுதியது நிறைவேறாது. பாலிசி 4 என்ற அந்த ஆவணத்தின் தேதி 1989 ஜூன் 9. அதற்கு மாற்றாக ஐந்தாவது பாலிசி என்று எத்தனையோ வரைவுகள் வந்து போய்விட்டன. எதுவும் கரை சேரவில்லை. வேறொரு சின்ன நெட்வொர்க்குக்கு நானும் ஒருமுறை இருபது பக்கத்துக்கு முழு வரைவு ஒன்று எழுதிச் சுற்றுக்கு விட்டேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். மூவரும் வெவ்வேறு பத்தியைப் பிடித்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வந்தார்கள். இருபது பக்கம் எழுதினால் சண்டைக்கு இருபது பக்க இடம் கொடுத்ததாகிவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. அதனால் ஒவ்வொரு விதியாக எடுத்து, எந்தச் செலவை மிச்சப்படுத்த, அல்லது யாருடைய தொல்லையைத் தவிர்க்க இது வந்தது என்று பார்ப்பதுதான் என் வழி. செலவுக்காக வந்த விதியை எடுத்துவிடலாம். தொல்லைக்காக வந்த விதியை எடுத்தால் அந்தத் தொல்லை திரும்பி வரும்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் ஃபிடோ என்ற பிபிஎஸ் மென்பொருளை எழுதினார். பிபிஎஸ் என்றால் ஒருவர் வீட்டுக் கணினியில் மோடத்தை மாட்டி வைத்திருப்பார்; மற்றவர்கள் போன் போட்டு உள்ளே வந்து மடல் எழுதுவார்கள், ஃபைல் எடுப்பார்கள். 1984-ல் அவரும், அமெரிக்காவின் மறுகரையில் பால்டிமோரில் இருந்த ஜான் மேடில் என்பவரும் தங்கள் கணினிகளை ஒன்றுக்கொன்று போன் போட்டு மடல் மாற்றிக்கொள்ளும்படி செய்தார்கள். ஃபிடோநெட்டின் பிறப்பு அதுதான். கணினிகள் பேசிக்கொண்டது நடுராத்திரியில், ஏனென்றால் வெளியூர் அழைப்புக்கு அப்போதுதான் கட்டணம் குறைவு. நம் ஊரில் எஸ்டிடி பூத் வாசலில் இரவு பதினோரு மணி ஆகட்டும் என்று காத்து நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கால்வாசிக் கட்டணத்துக்காகத் தூக்கத்தை விட்டவர்கள் நாம்.

ஒருவர் நடுராத்திரி போன் போட்டால் மறுமுனையில் கணினி விழித்திருக்க வேண்டும், லைனும் காலியாக இருக்க வேண்டும் இல்லையா? அதற்குத்தான் மண்டல மடல் நேரம். வட அமெரிக்காவின் 1-ஆம் மண்டலத்துக்கு உலக நேரம் 9 முதல் 10, அதாவது சான் பிரான்சிஸ்கோவில் குளிர்காலத்தில் இரவு ஒரு மணி. ஐரோப்பாவின் 2-ஆம் மண்டலத்துக்கு 2:30 முதல் 3:30. ஆசியாவின் 6-ஆம் மண்டலத்துக்கு 20 முதல் 21; நம் கடிகாரத்தில் இரவு 1:30 முதல் 2:30. அந்த ஒரு மணி நேரம் பயனாளர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது, மெஷினும் மெஷினும் மட்டும்தான். பாலிசி 4 இந்த நேரத்தைத்தான் ஃபிடோநெட்டின் இதயம் என்கிறது. கடைப்பிடிக்காத நோட்டை அறிவிப்பே இல்லாமல் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்றும் சொல்கிறது. அறிவிப்பு ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணமும் கொடுத்திருக்கிறது: அறிவிப்பை அனுப்புவதே ஃபிடோநெட் மடல் வழியாகத்தானே, மடல் நேரத்தில் எடுக்காதவருக்கு அதை எப்படி அனுப்புவது! இந்த ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது.

இப்போது உங்கள் நிலைமை. பிங்க்பி என்ற நெறிமுறையில், 24554-ஆம் போர்ட்டில், நாள் முழுக்க உங்கள் நோட் காத்திருக்கிறது. யார் எப்போது வந்தாலும் சில நொடியில் மடல் கைமாறிவிடும், செலவும் கிடையாது. ஆனாலும் விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் நீங்கள் ஃபிடோநெட்டில் இருக்கவே தகுதியில்லை. மடல் நேரத்தில் எஃப்டிஎஸ்-0001 என்ற தரநிலையில் சொல்லியபடி மடல் வாங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது பாலிசி. அந்தத் தரநிலை போன் லைனில் எக்ஸ்மோடம் என்ற பழைய ஃபைல் அனுப்பும் முறை வழியாகப் பேசுவதைச் சொல்வது. இன்று நோட்லிஸ்டில், அதாவது எல்லா நோட்களின் பட்டியலில், இருக்கும் பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை, செய்யவும் முடியாது. அதற்காக யாரும் யாரையும் நீக்குவதும் இல்லை.

விதி ஏட்டில் இருந்துவிட்டுப் போகட்டும், நடைமுறை நன்றாகத்தானே போகிறது என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எல்லோரும் மீறுகிற விதி ஒன்று புத்தகத்தில் இருந்தால், பிடிக்காத ஒருவரை வெளியேற்ற அது கைக்கு வசதியான கம்பு. நேற்றுவரை யாரும் திரும்பிப் பார்க்காத பத்தியை, நாளை ஒரு தகராறு வந்ததும் ஒருவர் எடுத்து நீட்டுவார். அதனால் மடல் நேர விதியை நீங்கள் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அழிக்க வேண்டாம். அதற்குள் இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று கடிகாரம். அது போன் கட்டணத்தோடு போய்விட்டது. இன்னொன்று, பட்டியலில் பெயர் இருப்பவரை எந்த நோட்டும் யாரையும் கேட்காமல் நேரடியாக எட்ட முடியும் என்கிற உறுதி. இது போகவில்லை. இது இல்லாவிட்டால் நோட்லிஸ்ட் என்பது வெறும் பெயர்ப் பட்டியல்தான். நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: "நோட்லிஸ்டில் அறிவித்திருக்கும் வழிகளில் ஒன்றிலாவது, அறிவித்திருக்கும் நேரத்தில், முன்பழக்கம் இல்லாத நோட்டிடமிருந்தும் மடல் வாங்க வேண்டும்." மோடம் வைத்திருப்பவர் பழைய நேரத்தையே அறிவித்துக்கொள்ளட்டும். பிங்க்பி வைத்திருப்பவர் நாள் முழுவதும் என்று போடட்டும். எந்த நெறிமுறை, எந்த போர்ட் என்பதையெல்லாம் பாலிசிக்குள் கொண்டுவராதீர்கள். அவை தரநிலைக் குழுவின் வேலை. 1989-ல் செய்த பெரிய தவறே, ஒரு குறிப்பிட்ட தொழில்நுட்ப ஆவணத்தின் எண்ணைச் சமூக விதிக்குள் ஆணியடித்து வைத்ததுதான். "தற்போதைய தரநிலை" என்று சொல்லத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த எண்ணே நிலைத்துப்போய்விட்டது.

நோட் எண் வாங்கும் விதிக்கு வருவோம், ஏனென்றால் இதைத்தான் புதியவர்கள் முதலில் கேலி செய்கிறார்கள். எண் கேட்டு விண்ணப்பிக்கிற மடலை ஃபிடோநெட் வழியாகவே அனுப்ப வேண்டும் என்கிறது பாலிசி. எண்ணே இல்லாதவன் எப்படி அனுப்புவான் என்றுதான் தோன்றும். தற்காலிக எண் ஒன்றைப் போட்டு அனுப்ப வழி இருக்கிறது. ஆரம்ப காலத்தில் பட்டியலில் ஒரு போன் எண் தவறாகப் போய்விட்டது. அந்த எண் ஒரு வயதான அம்மாவின் வீட்டு எண். தினமும் நடுராத்திரி போன் அடிக்கும், எடுத்தால் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சொலி. ஒரு கணினி முயன்று தோற்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடி முயலும். அந்த அம்மாவின் இரவுகள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு அப்புறம்தான், தன் கணினி உண்மையிலேயே வேலை செய்கிறது என்று மடல் அனுப்பிக் காட்டியவருக்கே எண் என்று ஆனது. இன்று தவறான முகவரி போட்டால் எந்தப் பாட்டியும் விழித்துக்கொள்ள மாட்டார். ஆனால் செத்துப்போன முகவரிகள் பட்டியலில் குவியும், மடல்கள் போய்ச் சேராமல் தேங்கும். எனவே இந்த விதி அப்படியே இருக்கட்டும். கூடுதலாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட் உயிரோடு இருக்கிறதா என்று தானாகச் சோதிப்பதையும் சேர்க்கலாம். அன்று அதற்கு வெளியூர் அழைப்புக் காசு ஆகும். இன்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

புவியியல் விதி கொஞ்சம் சிக்கலானது. முகவரியின் வடிவத்திலேயே அது இருக்கிறது: மண்டலம், முக்காற்புள்ளி, நெட், சாய்கோடு, நோட். ஆரம்பத்தில் நோட் எண் மட்டும்தான். எல்லோரும் எல்லோருக்கும் வெளியூர் அழைப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். 1985 ஜூனில்தான் நெட் என்ற அடுக்கு வந்தது. செயின்ட் லூயிஸில் இருந்த கென் கேப்லன், பென் பேக்கர் முதலியோர் அதற்குப் பின்னால் இருந்தார்கள். ஒரு ஊருக்குப் போகிற மடலையெல்லாம் மூட்டையாகக் கட்டி அந்த ஊரில் ஒரே ஒருவருக்கு ஒரே அழைப்பில் அனுப்பிவிட்டால், அவர் உள்ளூர் அழைப்பில் மற்றவர்களுக்குப் பங்கிட்டுக்கொடுப்பார். தபால் பை வருகிற கணக்குதான். ஆக, உன் ஊர் நெட்டில்தான் நீ சேர வேண்டும் என்பது உள்ளூர் அழைப்புக் கட்டணத்தின் எல்லை. அந்த எல்லை இன்று இல்லை. சேலத்திலிருந்து ஆக்லாந்துக்கும் அடுத்த தெருவுக்கும் ஒரே செலவு.

அப்படியானால் எடுத்துவிடலாமா? பாதி எடுத்துவிடலாம். இந்த விதிக்கு எழுதாத ஒரு பக்கவிளைவு உண்டு. தன் நெட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளரோடு சண்டை போட்டவர் இன்னொரு நெட்டுக்குத் தாவ முடியாது. அதனால் இருவரும் எப்படியாவது ஒத்துப்போக வேண்டியிருந்தது. நல்லவர் ஒருங்கிணைப்பாளராக இருந்த இடத்தில் அது அமைதியைக் கொடுத்தது. கொடுங்கோலர் இருந்த இடத்தில் சிறை. இன்று இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் சிறைப் பக்கத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1990-களின் நடுவில் நோட்கள் முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தன. அப்புறம் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்தது, பிபிஎஸ்கள் ஒவ்வொன்றாக மூடின. 6-ஆம் மண்டலம் முழுவதையுமே 2007 ஜூலையில் கலைத்து, மிச்சமிருந்த நோட்களை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இருக்கிற 3-ஆம் மண்டலத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆசியக் கண்டமே வேறு மண்டலத்துக்கு மாறிய பிறகு, பக்கத்து நெட்டுக்கு ஒருவர் மாறக் கூடாது என்பது என்ன நியாயம்? ஊர் என்பது வழக்கமான தேர்வாக இருக்கட்டும். இரண்டு ஒருங்கிணைப்பாளர்களும் சம்மதித்தால் மாறலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மறையாக்க விதியைப் பற்றி இளைஞர்கள் கோபப்படுகிறார்கள். ஆனால் அது எழுதப்பட்ட விதம் அவர்கள் நினைப்பதைவிட நியாயமானது. மறையாக்கமே கூடாது என்று அது சொல்லவில்லை. வழியில் இருக்கும் எல்லோருடைய சம்மதமும் இல்லாமல், அவர்கள் வழியாக மறையாக்கம் செய்த மடலை அனுப்புவதுதான் தவறு என்கிறது. உங்கள் மடலைச் சுமப்பவர் தன் சொந்தக் காசில், தன் வீட்டு போனில் சுமக்கிறார். சட்டவிரோதமாகவோ வியாபாரத்துக்காகவோ தன் கணினியை யாரும் பயன்படுத்தவில்லையா என்று பார்க்க அவருக்கு உரிமை உண்டு. அமெச்சூர் வானொலிக்காரர்களும் பொருளை மறைத்து ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது என்ற விதியோடுதான் இருக்கிறார்கள்.

இங்கே தொழில்நுட்பம் மாறியதால் ஒன்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. 1989-ல் மடலை மறையாக்குவதும் லைனை மறையாக்குவதும் நடைமுறையில் வேறு வேறாக இல்லை. இன்று இரண்டு நோட்களுக்கு நடுவே இணைப்பை மட்டும் மறையாக்கலாம். மடல் ஒவ்வொரு நோட்டிலும் திறந்துதான் இருக்கும், சுமப்பவர் பார்க்க முடியும். வழியில் ஒட்டுக் கேட்பவருக்கு மட்டும் தெரியாது. இதைத் தடுக்க எந்தக் காரணமும் இல்லை. என்னைக் கேட்டால் கட்டாயமாக்கலாம். மடலின் உள்ளடக்கத்தை மறையாக்குவதற்குப் பழைய விதி அப்படியே இருக்கட்டும், நேரடியாகப் போகிற மடலுக்கு அது பொருந்தாது என்ற விளக்கத்தோடு. நேரடி மடலை யாரும் சுமப்பதில்லை, எனவே யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை.

நோட்லிஸ்டில் பெயர், ஊர், வீட்டு போன் எண் மூன்றும் இருக்கும். அன்று போன் எண்தான் முகவரி, வேறு வழியில்லை. இன்று போன் இல்லாதவரும் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். சிலர் 000 என்று ஒரு கற்பனை நாட்டுக் குறியீட்டைப் போட்டு, அதற்குப் பின்னால் ஐபி முகவரியைப் போன் எண் மாதிரி எழுதினார்கள். குறும்பு என்று நினைக்காதீர்கள், பட்டியலைப் படிக்கிற பழைய மென்பொருள் உடையாமல் இருக்க இதுதான் வழியாக இருந்தது. பிறகு இணைய முகவரிக்கென்றே தனிக் கொடிகள், அதாவது பட்டியல் வரியில் சேர்க்கும் குறிச்சொற்கள், தரநிலையில் வந்தன. இதையெல்லாம் யாரும் ஓட்டுக்கு விடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் செய்து பார்த்தார், நான்கு பேர் பின்பற்றினார்கள், பரவலானதும் தரநிலைக் குழு அதை எழுதிவைத்தது. போன் எண் கட்டாயமில்லை என்று இப்போது பாலிசியிலும் எழுதுவது நடந்ததற்குக் கையெழுத்துப் போடுவது மட்டுமே.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சொந்த வயிற்றெரிச்சல் உண்டு. எழுத்து. எஃப்டிஎஸ்-0001 தரநிலையில், 141 என்ற பைட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. பழைய எழுத்துச் செயலி ஒன்று வரியை மடக்கிய அடையாளமாக அது இருக்கலாம் என்பதால். ஆங்கிலத்துக்கு நஷ்டமில்லை. ஆனால் ரஷ்யர்கள் பயன்படுத்திய குறியீட்டுப் பட்டியலில் 141 என்பது அவர்களுடைய பெரிய 'ந' எழுத்து. மடல்களிலிருந்து அந்த எழுத்து மட்டும் காணாமல் போகும். அவர்கள் விதியை மாற்றக் காத்திருக்கவில்லை. அதே வடிவத்தில் இருக்கும் ஆங்கில எழுத்தை அந்த இடத்தில் போட்டு எழுதப் பழகிக்கொண்டார்கள்.

சரி, நமக்கென்ன என்கிறீர்களா? எல்லா மொழி எழுத்துக்கும் இன்று பொதுவான யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் தமிழ்ப் புள்ளி மூன்று பைட்: 224, 175, 141. விதியை அப்படியே பின்பற்றும் பழைய மென்பொருள் ஒன்று வழியில் இருந்தால், உங்கள் மடலில் உள்ள ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையும் சிதையும். இது தவிர, பெயருக்கு 36 பைட்தான் இடம், அதில் ஒன்று முடிவுக் குறிக்கு. ஆங்கிலத்தில் தாராளம். கிருஷ்ணமூர்த்தி என்று தமிழில் எழுதினால் 45 பைட். ஒரு கிருஷ்ணமூர்த்தி தன் பெயரைத் தமிழில் போட்டுக்கொள்ள முடியாத நெட்வொர்க் இது. மடல் எந்த எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது என்று அறிவிக்க ஒரு வரியைத் தலைப்பில் சேர்க்கும் வழி பிறகு வந்தது, யுடிஎஃப்-8-ஐயும் அதில் சொல்லலாம். ஆனால் அதைப் படிக்கத் தெரியாத கணினி நடுவில் இருந்தால் பயனில்லை. அதிகாரபூர்வ மொழி ஆங்கிலம் என்று பாலிசியில் இருப்பதைப் பலர் குறை சொல்கிறார்கள். அதே பாலிசி மொழிபெயர்ப்பை ஊக்குவிக்கவும் செய்கிறது. எனக்கு அதைவிட இந்த 141-தான் பெரிய தடை. நீங்கள் ஓட்டு எதுவும் கேட்காமல் இன்றே செய்யக்கூடியது: உங்கள் நோட்டில் ஓடும் மென்பொருள் 141-ஐ என்ன செய்கிறது என்று சோதியுங்கள். தின்றுவிட்டால் மென்பொருளை மாற்றுங்கள்.

தொடவே வேண்டாத இடமும் ஒன்று உண்டு. தகராறுகளைத் தீர்ப்பதற்குப் பாலிசி 4 சொல்வது இரண்டே வரி: மற்றவரை அளவுக்கு மீறித் தொந்தரவு செய்யாதே, எடுத்ததற்கெல்லாம் தொந்தரவு என்று புலம்பாதே. இதில் மோடம் இல்லை, நேரம் இல்லை, எண் இல்லை. அதனால்தான் பழசாகவில்லை. ஃபிடோநெட் தொழில்நுட்பத்தையே வைத்துக்கொண்டு பிறகு தனியாகக் கிளம்பிய சிறு நெட்வொர்க்குகள் பலவும், எஃப்எஸ்எக்ஸ்நெட் மாதிரி, நீண்ட பாலிசி வேண்டாம் என்று இந்த மனநிலையை மட்டும் எடுத்துக்கொண்டு போயின. ஐம்பது பேர் இருக்கிற இடத்துக்கு அது போதும்தான்.

இனி, எப்படி நிறைவேற்றுவது. பாலிசி 4-ன் எட்டாம் பகுதிப்படி, பல நெட்கள் அடங்கிய பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பிராந்திய ஒருங்கிணைப்பாளர்களில் பெரும்பான்மையோர் கேட்டால்தான் திருத்தம் ஓட்டுக்கு வரும். ஓட்டும் சாதாரண நோட்டுக்குக் கிடையாது; நெட் ஒருங்கிணைப்பாளரும் அதற்கு மேலே இருப்பவர்களும் மட்டும்தான் போடலாம். பதிவான ஓட்டில் பெரும்பான்மை கிடைத்தால் நிறைவேறும். முப்பதாயிரம் நோட் இருந்தபோது இது ஓரளவு பிரதிநிதித்துவம். இன்று ஒரே ஒரு நோட் மட்டும் மிஞ்சிய நெட்டில் அவரே ஒருங்கிணைப்பாளர், அவருக்கு ஒரு ஓட்டு. நாற்பது நோட் உள்ள நெட்டுக்கும் ஒரு ஓட்டு. இதைத்தான் முதலில் திருத்த வேண்டும் என்று சிலர் வாதாடுவார்கள். கொள்கையளவில் சரி. ஆனால் ஓட்டுரிமை உள்ளவர்களிடம் போய் உங்கள் ஓட்டின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று முதல் நாளே கேட்டால் மற்ற எல்லாத் திருத்தமும் சேர்ந்து தோற்கும். அதைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் யாருக்கும் வலிக்காத ஒன்றைக் கொண்டுபோங்கள். மடல் நேரத் திருத்தம் அப்படிப்பட்டது. ஒரே பத்தி, எல்லோரும் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது, மோடம் வைத்திருக்கும் பழையவர்களுக்கும் எதுவும் பறிபோகாது. அது நிறைவேறினால் பாலிசியை மாற்ற முடியும் என்பதே பலருக்குச் செய்தியாக இருக்கும். அடுத்து மறையாக்கம், அதற்கடுத்து புவியியல் என்று போகலாம்.

வரைவை எழுத உட்காருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நோட்லிஸ்டில் இருக்கும் பிராந்திய ஒருங்கிணைப்பாளர்கள் அத்தனை பேருக்கும் ஃபிடோநெட் வழியாகவே இரண்டு வரி மடல் ஒன்று போட்டு, எத்தனை பேர் பதில் எழுதுகிறார்கள் என்று ஒரு மாதம் பாருங்கள். பதில் போட்டவர்கள் பாதியைத் தாண்டாவிட்டால், உங்கள் முதல் திருத்தம் எது என்று தெரிந்துவிடும்.